வெள்ளவத்தையில் எழுதிய பூஜ்ஜியம்

கொழும்பு விமான நிலையத்தில் குடிவரவு மேசையில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். புரட்டுவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதல் பக்கத்தில் என் படம், மற்றதெல்லாம் வெள்ளைத் தாள். எங்கள் குடும்பத்தில் எடுத்த முதல் பாஸ்போர்ட் அதுதான். "என்ன வேலையாக வந்திருக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் அந்த நேரம் பார்த்து மறந்துபோய், "கடல் குதிரை எண்ண" என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். "எண்ணி முடித்ததும் திரும்பிப் போவீர்கள் அல்லவா?" என்று கேட்டுவிட்டு முத்திரையைக் குத்தினார்.

நான் சொன்னது பொய்யில்லை. என் பையில் இரண்டு நீள நோட்டுகள் இருந்தன. உப்புக்காற்று படாமல் பாலித்தீன் தாளில் சுற்றி, அம்மா தன் பழைய சேலைத் துணியால் கட்டிக் கொடுத்தவை.

எங்கள் ஊர் பாம்பனுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். அம்மாவும் இன்னும் பதின்மூன்று பெண்களும் வல்லம் என்ற ஒரே சிறு படகில் போய்க் கடல்பாசி எடுப்பவர்கள். சேலைக்கு மேல் ஆண்சட்டை, விரல்களில் சுற்றிய துணி, முகத்தில் கண்ணாடி, இடுப்பில் சாக்கு. மூச்சடக்கி உள்ளே போனால் பாசி முகத்துக்கு நேரே இருக்கும். பாசிக்குள் கடல் குதிரை இருக்கும். அதைத் தொடக்கூடாது, பார்த்துச் சொன்னால் போதும் என்று இரண்டு வருடங்களுக்கு முன் நான்தான் கேட்டுக்கொண்டேன். விலங்கியல் படித்துவிட்டு வந்த புதிது. அவர்கள் பார்த்துச் சொல்வார்கள், நான் எழுதுவேன். பதினாலு பேரில் பன்னிரண்டு பேருக்குக் கைநாட்டுதான்.

கொழும்பில் இதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும் ஒரு தன்னார்வக் குழு இருக்கிறது. கடலுக்கு இந்தக் கரை அந்தக் கரை தெரியாது, இரண்டு பக்கக் கணக்கையும் ஒரே பதிவேட்டில் சேர்க்கலாம், நோட்டுகளோடு ஒரு வாரம் வந்து இருங்கள் என்று அழைத்திருந்தார்கள். கணக்கு சரியாக இருந்தால், பார்த்தவர்களின் பெயரோடு பதிவேட்டில் ஏறும்.

பஸ் ஏற்றிவிட வந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்க பேரும் அதுல வருமா தம்பி?"

"வரும்மா" என்றேன். தெரிந்தவன் மாதிரி.

*

வெள்ளவத்தையில் எனக்கு இடம் கொடுத்தவர் சுகந்தி அக்கா. வங்கியில் வேலை, நாற்பது வயதிருக்கும், கடற்கரைப் பக்கக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், அதாவது சந்தில், வீடு. அங்கே எந்த ஒழுங்கையில் இறங்கினாலும் கடைசியில் தண்டவாளம், தண்டவாளத்துக்கு அப்பால் கடல். எங்கள் ஊரில் ரயில் கடல் மேல் போகும். இங்கே கடலோடு கூடவே ஓடுகிறது. இது போதும் எனக்கு, ஊர் பிடித்துப்போனது.

நகைக்கடை, சேலைக்கடை, மரக்கறிச் சாப்பாட்டுக்கடை எல்லாவற்றிலும் தமிழ்ப் பலகை. வெளிநாடு என்ற பயமே வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குச் சென்னைதான் இதைவிட வெளிநாடாக இருந்தது. அங்கே யாரும் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதில்லை. இங்கே ஓட்டோக்காரர் கேட்டார்.

காலையில் மேசையில் பாண், பருப்பு, சிவக்கச் சிவக்க அரைத்த தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் பன்ரொட்டியும் பிரட்டும் காய்ச்சல்காரர் சாப்பாடு. அதைச் சொன்னேன்.

"காய்ச்சலோ?" என்றார் சுகந்தி அக்கா. "எங்கட ஆக்களுக்குப் பாண் கிடைக்காட்டித்தான் காய்ச்சல் வரும். சம்பலைத் தொட்டுச் சாப்பிடுங்கோ. உறைச்சா தண்ணி குடிக்காதேங்கோ, இன்னொரு துண்டு பாண் சாப்பிடுங்கோ."

உறைத்தது. ஆறு துண்டு சாப்பிட்டேன்.

*

இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்கு முதல் பார்வை. கடல் வற்றி இறங்கும் நேரம். பகலில் கோட்டைப் பக்கம் ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மூன்றே முக்காலுக்கு ரயில் ஏறினேன். வாசலோரம் நின்றுகொண்டேன். வலது கைப் பக்கம் அலை, கையை நீட்டினால் நனையும் போலிருந்தது. பம்பலப்பிட்டி போனது. பெயர்ப்பலகையைப் படிக்கத் தயாராக நின்றேன். வெள்ளவத்தை வந்தது. வந்த வேகத்திலேயே போனது.

அப்போதுதான் பார்த்தேன். பாறைகளுக்கு நடுவே செம்மஞ்சள் தொப்பி போட்ட ஆறு பேர் குனிந்து நிற்கிறார்கள். அதில் ஒருவர் நிமிர்ந்தார். சுகந்தி அக்கா. நான் கையை ஆட்டி "அக்கா!" என்று கத்தினேன். அவரும் கையை ஆட்டினார், யாரோ சுற்றுலாப் பயணி என்று நினைத்தவர் போல.

என் பின்னால் கடலை கொறித்துக்கொண்டு நின்ற ஒருவர், "கத்தி என்ன பிரயோசனம் தம்பி? இது கல்கிசையிலதான் நிக்கும்" என்றார். பிறகு இரக்கப்பட்டு எனக்கும் கொஞ்சம் கடலை தந்தார்.

கல்கிசையில் இறங்கி, காலி வீதிக்கு ஓடி, பஸ்ஸில் தொங்கினேன். நடத்துநர் முன்னால் போ, முன்னால் போ என்று சிங்களத்தில் கத்துகிறார். முன்னால் போக நான் ஓட்டுநரின் மடியில்தான் உட்கார வேண்டும். கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு ஐம்பது.

"ஓடுற கோச்சியில நிண்டு கடல் குதிரை எண்ணுறது இந்தியாவில புது முறையோ?" என்றார் சுகந்தி அக்கா. மற்ற ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் பல் டாக்டர், ஒருவர் தையல் கடைக்காரர், ஒரு அம்மாவும் மகளும், ஒரு ஓய்வில்லாத ஓட்டோக்காரர். வாரம் இரண்டு முறை எல்லோரும் இப்படி முட்டியளவுத் தண்ணீரில் நின்று குனிந்து பார்க்கிறார்கள். யாரும் செய்யச் சொன்னதில்லை, யாரும் காசு கொடுப்பதும் இல்லை.

ஆளுக்கு ஒரு தாள். முதல் கட்டத்தில் பார்க்கத் தொடங்கிய நேரம், அடுத்ததில் முடித்த நேரம். அதன் பிறகுதான் என்ன பார்த்தோம் என்பது: கடல் குதிரை, கடல் அட்டை, கடல் முள்ளெலி, நட்சத்திர மீன், வலைத்துண்டு. நான் தொடங்கிய நேரத்தை நாலு என்று எழுதப் போனேன். அக்கா பேனாவைப் பிடித்துக்கொண்டார். "கோச்சியில இருந்து பார்த்தது கணக்கில்ல. நாலு அம்பது எண்டு போடுங்கோ."

முடியும்போது எல்லோரும் கடல் குதிரைக் கட்டத்தில் பூஜ்ஜியம் போட்டார்கள். பல் டாக்டர் போட்டது முட்டை அளவு. எனக்கு அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பாவத்தோடு கொஞ்சம் பெருமையும். எங்கள் இரண்டு நோட்டிலும் ஒரு பூஜ்ஜியம்கூடக் கிடையாது.

*

மூன்றாம் நாள் கொட்டாஞ்சேனை. அங்கே குழுவை நடத்துபவர் டெரன்ஸ் அண்ணன். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கெழுதும் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தன்னார்வலர்கள் எல்லோருடைய தாள்களையும் சரிபார்த்துப் பதிவேட்டில் ஏற்றுவதும் அவர்தான். காலையில் என்னை முகத்துவாரம் கரைக்குக் கூட்டிப் போனார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி ஆளுக்கு இரண்டு மாலு பாண் வாங்கினார். முக்கோணமாக மடித்த பாண், உள்ளே மிளகுபோட்ட மீனும் உருளைக்கிழங்கும். மீன் பிடிக்கும் ஊரில் பிறந்த எனக்கு இது ஏன் இத்தனை காலம் தோன்றவில்லை?

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். என்னை யார் என்று ஒரு பெரிய மீசைக்காரர் சிங்களத்தில் கேட்டார். டெரன்ஸ் அண்ணன் சொன்னதும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னண்ணே சொல்றாரு?"

"இந்தியாவில இருந்து வாறவங்க வழக்கமா ட்ரோலர்ல எல்லோ வாறவங்க, இவன் ஏன் மாலு பாணோட வந்து நிக்கிறான் எண்டு கேக்கிறார்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்க ட்ரோலர்கள் இவர்கள் கடலில் வந்து அள்ளுவதால், அது சிரிப்புக்கு மட்டும் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியும். "எங்க வீட்ல ட்ரோலர் கிடையாது, ஒரு வல்லம்தான், அதுவும் பொம்பளைங்க வல்லம்" என்றேன். அதை டெரன்ஸ் அண்ணன் மொழிபெயர்த்ததும் மீசைக்காரர் தலையை ஆட்டி, தன் பக்கத்தில் இடம் காட்டி, "வா மல்லி" என்றார். தம்பி என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

வலையிலிருந்து மீனை எடுத்தபின் பாசியும் முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் துண்டும் உருண்டையாக ஒட்டிக்கிடக்கும். அதை ஓரமாக எறிந்துவிடுவார்கள். தன்னார்வலர்கள் அந்த உருண்டைகளைக் குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படிப் பார்க்க மாட்டாள். நான் ஒரு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு, ஒவ்வொரு உருண்டையாக அதில் விட்டேன். தண்ணீர் பட்டதும் பாசி விரியும். விரியாமல் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது பாசி இல்லை. நாலாவது உருண்டையில் ஒரு இழை மட்டும் விரியவில்லை. வால் சுருண்டு ஒரு முருகைக்கல் துண்டைக் கட்டிக்கொண்டிருந்தது. என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். உயிர் இருந்தது. வயிறு பருத்திருந்தது.

"ஆண்" என்றேன். "இதுல ஆண்தான் சுமக்கும்."

டெரன்ஸ் அண்ணன் சத்தமாக மொழிபெயர்த்தார். மீசைக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்து, இதை என் மனைவிக்குக் காட்டிவிடாதீர்கள், எனக்கும் அப்படி ஒரு பை தைத்துவிடுவாள் என்றார். கரையே சிரித்தது. அளந்து, எழுதி, கற்கட்டுக்கு அப்பால் அலை அடங்கிய இடத்தில் கொண்டுபோய் விட்டோம். விரலைவிட்டுப் போக அதற்கு மனமில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தது.

"தண்ணியில விட்டுப் பார்க்கிறது ஆர் சொல்லித்தந்த வேலை?" என்று கேட்டார் டெரன்ஸ் அண்ணன்.

"எங்கம்மா பார்க்கிறது அப்படித்தான்."

"அப்ப இனி நாங்களும் அப்பிடித்தான்."

அன்று எனக்குக் கால் தரையில் படவில்லை.

*

மத்தியானம் கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டில் சாப்பாடு. கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கேட்கும் தெரு. அவர் மனைவி ஷிரோமி அக்கா நண்டுக்கறி வைத்திருந்தார். முருங்கை இலை போட்டிருந்தார். ஊரில் நாங்கள் போடுவதில்லை, இனிப் போடுவோம். கை கழுவிக்கொண்டு வந்து டெரன்ஸ் அண்ணன் நோட்டுகளைக் கேட்டார். அம்மாவின் சேலைத் துணியை அவிழ்த்துக் கொடுத்தேன்.

"கையெழுத்து அச்சு மாதிரி" என்றார். நாலு பக்கம் புரட்டினார். ஆறு பக்கம். பிறகு பேச்சை நிறுத்திவிட்டுத் தேதிகளை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போனார். முதல் நோட்டை மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்தார்.

"தம்பி, இதில பூச்சியம் எங்க?"

"பூஜ்ஜியமே இல்லண்ணே. எங்க பக்கம் நிறைய இருக்கு."

"நிறைய இருக்கட்டும். ரெண்டு வருஷத்தில ஒருநாள் கூடவா காணாமப் போகேல்ல? கடலுக்குப் போன நாளெல்லாம் கண்டாங்களா, இல்ல கண்ட நாள் மட்டும் எழுதினதா?"

நான் தட்டில் இருந்த நண்டு ஓட்டை ஓரமாக ஒதுக்கினேன்.

"நான் ஹாபர்ல வெறும் கன்டெய்னரையும் எழுதுறனான்" என்றார். கோபமில்லாத குரல்தான். "எழுதாட்டி கப்பல்ல என்ன வந்தது, என்ன வரேல்ல எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இது என்ன மாதிரி தெரியுமா? கலியாண அல்பம் மாதிரி. எல்லாரும் சிரிச்சுக்கொண்டு நிக்கிறாங்க. இதை வச்சு அந்த வீட்டில எத்தனை நாள் சண்டை எண்டு நான் எப்பிடிச் சொல்ல?"

"அப்ப சேர்க்க முடியாதா?"

"ஏலாது தம்பி. சேர்த்தா எங்கட தாளையும் ஒருத்தரும் நம்பமாட்டாங்க."

ஷிரோமி அக்கா அவரை முறைத்தார். "சாப்பிட்டு முடியும் மட்டும் பொறுத்திருக்க ஏலாதா உங்களுக்கு?" எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டார். பஸ்ஸில் திரும்பும்போது நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தை போய் அதற்கு அடுத்த நிறுத்தமும் போன பிறகுதான் இறங்க நினைவு வந்தது. இந்த ஊரில் நான் ஒருமுறைகூட ஒழுங்காக வெள்ளவத்தையில் இறங்கியதில்லை.

*

நாலாம் நாள் காலை அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா முகத்தில் பாதியும் கூரையில் பாதியும் தெரிந்தது.

"எல்லாம் சரியா இருக்கா தம்பி? பேரு ஏத்திட்டாங்களா?"

"அம்மா, கடலுக்குப் போயும் கடல் குதிரை பார்க்காத நாள் உண்டா?"

"இதென்ன கேள்வி? உண்டுதான். எத்தனையோ நாளு."

"அப்ப ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அம்மா போனை நிமிர்த்திப் பிடித்தாள், முழு முகமும் தெரிந்தது. பிறகு, "நாளைக்குப் பார்ப்போம்னு சொல்வேனே, போகாமயா சொன்னேன்? நீதான் நாளைக்குன்னதும் பேனாவ மூடி வச்சிட்டு எந்திரிச்சிருவ" என்றாள்.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா "வாங்கணும்" என்பாள். வெறும் வலையோடு அப்பா வந்தால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டோம். அவராகவே "நாளைக்கு" என்பார். சோறு போடுகிற கடலைப் பார்த்து இல்லை என்ற சொல்லைச் சொல்வது எங்கள் கரையில் வழக்கமில்லை. இது எனக்குத் தெரியாததா? அந்த வீட்டில் பிறந்தவன்தானே. ஆனால் தாளும் பேனாவுமாக உட்கார்ந்ததும் நான் படித்தவனாகிவிட்டேன். "நாளைக்கு" என்று அம்மா சொன்ன ஒவ்வொரு நாளும் எழுத ஒன்றுமில்லை என்று முடிவு செய்தது நான். அவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எழுத வேண்டியவன்தான் எழுதவில்லை.

"எந்தெந்த நாள் போனீங்கன்னு ஞாபகம் இருக்காம்மா?"

"ஞாபகம் எதுக்கு? காலண்டர்ல கிடக்கே."

வல்லம் ஒன்று, அதைப் பாசி எடுக்கும் இரண்டு குழுக்கள் மாற்றி மாற்றிக் கொண்டுபோகின்றன. யார் முறை என்று சண்டை வரக்கூடாது என்று, அம்மா குழு போன நாளில் கொட்டகைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஒரு புள்ளி வைப்பார்கள். மற்றக் குழு ஒரு கோடு போடும். நூலில் கட்டிய பென்சில் பக்கத்திலேயே தொங்கும்.

"இந்த வருஷத்துது இருக்கும். பழசு?"

"அதுவும் ஆணியில கிடக்கு. மேல முருகன் படம் போட்டிருக்கே, எப்படித் தூக்கிப் போடுறது?"

ஒரே ஆணியில், ஒன்றின்மேல் ஒன்றாக, சாமி படம் இருந்ததால் மட்டும் பிழைத்த காலண்டர்கள். பாக்கியம் சித்தியின் மகள் ஒவ்வொரு மாதமாகப் படம் எடுத்து அனுப்பினாள். சில பக்கங்களில் புள்ளியோடு மீன் செதிலும் ஒட்டியிருந்தது.

*

ஐந்தாம் நாள் வேலை முடிந்து டெரன்ஸ் அண்ணன் வெள்ளவத்தைக்கு வந்தார். சுகந்தி அக்கா இஞ்சி போட்ட பிளேன் டீயும் ஒரு தட்டு முறுக்கும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். தவறு என்னுடையது என்பதையும் சொன்னேன்.

அவர் காலண்டர் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். "சரி. நோட்டில இருக்கிற ஒவ்வொரு திகதிக்கும் இதில புள்ளி இருக்கவேணும். வள்ளம் போகாத நாளில ஆராவது கடல் குதிரை கண்டிருந்தா, எனக்கு இந்தக் காலண்டரும் வேணாம், நோட்டும் வேணாம். சரியா?"

"சரிண்ணே."

நான் தேதி வாசித்தேன். அவர் "ஓம்" என்றார். அடுத்தது. "ஓம்." சுகந்தி அக்கா ஒவ்வொரு ஓமுக்கும் ஒரு முறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார். முதல் நோட்டு முடிந்தது. இரண்டாவது நோட்டில் பாதி தாண்டியது. ஆடி மாதத்து ஒரு தேதி வாசித்தேன்.

டெரன்ஸ் அண்ணன் படத்தை இன்னும் பெரிதாக்கினார்.

"இல்ல தம்பி. இதில கோடுமில்ல, புள்ளியுமில்ல."

வாங்கிப் பார்த்தேன். கட்டம் வெறுமையாக இருந்தது. அந்த நாளை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு ஆண் கடல் குதிரை குஞ்சு விடுவதை அம்மா கண்ணால் பார்த்துச் சொன்ன நாள். நோட்டிலேயே நீளமான பதிவு அதுதான். எங்கே போனாலும் நான் முதலில் திறந்து காட்டும் பக்கம்.

"அம்மாவ கேளுங்கோ" என்றார் சுகந்தி அக்கா மெதுவாக.

கூப்பிட்டேன். எல்லோரும் கேட்கும்படி சத்தத்தை வைத்தேன். அம்மா யோசிக்கவே இல்லை. "அன்னைக்குக் காத்து. வல்லம் போகல. நான் கரையோரமா இடுப்பளவு தண்ணியில நின்னு பார்த்தது. மத்தவங்க வரல. ஏன், தப்பா?"

"வல்லம் போன நாளைத்தான் கணக்குல எடுக்க முடியும்மா. கரையில நின்னு பார்த்தும் காணாத நாள் எதுவும் காலண்டர்ல கிடையாதே."

"அப்ப அடிச்சிரு."

"அம்மா, அது குஞ்சு விட்ட நாளு."

"விட்ட குஞ்சு விட்டதுதான், நீ அடிச்சா திரும்ப உள்ள போயிருமா? எல்லாரும் சேர்ந்து பார்த்ததுதான் கணக்குன்னா, நான் தனியாப் பார்த்தது எதுக்கு? அடிச்சிரு தம்பி. என் ஒருத்தியால பதினாலு பேரோட பேரும் போயிறக் கூடாது."

பேனாவை எடுத்து அந்தப் பதிவின் மேல் ஒரு கோடு போட்டேன். கோணல் கோடு.

டெரன்ஸ் அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். "அம்மா, நான் கொழும்பில இருந்து டெரன்ஸ் கதைக்கிறன்" என்றார் போனைப் பார்த்து. "தான் கண்டதையே அடி எண்டு சொல்லுற ஆளின்ட மற்றக் கணக்கை நான் நம்புறன். மிச்சத்தை வாசி தம்பி."

மிச்சம் எல்லாம் ஓம்.

பிறகு நோட்டில் பதிவில்லாத புள்ளிகளை எண்ணினோம். பாதிக்கு மேல் இருந்தன. அத்தனையும் பூஜ்ஜிய நாட்கள். எங்கள் கடலில் நான் நினைத்திருந்ததைவிடக் கடல் குதிரை குறைவு. அது வலித்தது. ஆனால் அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது வேறொன்றும் புரிந்தது. கண்ட நாளில் குனிந்து பார்ப்பது பெரிய காரியமில்லை. காணாமல் காணாமல் இத்தனை நாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், வேலைக்கு நடுவில் பார்த்திருக்கிறார்கள். நான் எழுதாத பாதி நோட்டு இரண்டு வருடமாக முருகன் படத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"பேர் சொல்லு" என்றார் டெரன்ஸ் அண்ணன், கணினியைத் திறந்துகொண்டு.

பாக்கியம். முத்துராக்கு. இருளாயி. மரியபுஷ்பம். ஒவ்வொன்றாகச் சொன்னேன், எழுத்துப் பிழையில்லாமல் ஏறுகிறதா என்று தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பதினாலாவதாக, அம்மா, காளியம்மாள். போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை என்பது, அந்தப் பக்கம் யாரோ "ஏய், என் பேரு சொன்னாங்களாடி?" என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

"ஒரு விஷயம் அம்மா" என்றார் டெரன்ஸ் அண்ணன். "இனிமேல் காணாத நாளையும் சொல்லவேணும்."

"அதெப்படிய்யா, கடல்ல நின்னுக்கிட்டு இல்லைன்னு வாயால சொல்றது?"

எனக்கு அந்தத் தாளின் முதல் கட்டம் நினைவுக்கு வந்தது. "முதல்ல எவ்வளவு நேரம் பார்த்தீங்கன்னு சொல்லும்மா. பார்த்தது நெசம்தானே? அதுக்கப்புறம் மத்தது."

அம்மா "பார்ப்போம்" என்று வைத்துவிட்டாள்.

*

கடைசி நாள் காலையில் கரைக்குப் போனேன். இந்த முறை நடந்து. ரயிலையும் பஸ்ஸையும் நம்பவில்லை. ஆறு பத்துக்குத் தொடங்கினோம். கடல் முள்ளெலி இருந்தது, ஒரு கடல் அட்டை இருந்தது, யாரோ தொலைத்த ஒற்றைச் செருப்பு இருந்தது. பாறைக்குப் பாறை, பாசிக்குப் பாசி பார்த்தேன். ஏழு மணிக்கு முடித்தோம்.

தாளில் ஆறு பத்து, ஏழு என்று எழுதினேன். கடல் குதிரைக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அலை என் கணுக்காலில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் இதை எழுத வேண்டியிருந்தது. பல் டாக்டர் ஓரக்கண்ணால் பார்த்து, "என்ன தம்பி, அது சின்ன வட்டம்தானே" என்றார். எழுதினேன். அவருடையதைவிடச் சிறியதாக, ஆனால் வாய் மூடிய வட்டமாக.

விமான நிலையத்துக்குக் கிளம்புமுன் சுகந்தி அக்கா வழிக்கு என்று பாணும் சம்பலும் பொட்டலம் கட்டித் தந்தார். "காய்ச்சலுக்கு" என்றார். காலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் அதிர்ந்தது. அம்மாவின் குரல் பதிவு. காற்றுச் சத்தம், பின்னால் பெண்களின் சிரிப்பு, யாரையோ யாரோ சும்மா இருடி என்று அதட்டும் சத்தம். பிறகு அம்மா, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பவள் போல, போகாத பள்ளிக்கூடத்தில்:

"தம்பி, இன்னைக்கு வல்லம் போச்சு. விடிஞ்சதுல இருந்து வெயில் ஏறுற வரைக்கும் பார்த்தோம். பதினாலு பேரும் பார்த்தோம்."

கொஞ்ச நேரம் வெறும் காற்று.

"காணல. எழுதிக்க."

பஸ் வந்து நின்றது, நடத்துநர் ஏறச் சொல்லிக் கத்தினார். அடுத்த பஸ் வரட்டும் என்று கையைக் காட்டிவிட்டு, அங்கேயே சுவரில் நோட்டை வைத்து எழுதினேன்.